ஆடலக்காவின் நகம்

அவருக்கு ஆடத் தெரியாது. பள்ளிக்கூட விழாவில்கூட ஒரு காலைத் தூக்கி வைத்ததில்லை. இருந்தும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஆடலக்காதான். ஒருமுறை ஒரு அம்மாள் தன் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்து, "டான்ஸ் கிளாஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். கூரைவரை அடுக்கியிருந்த டயர்களையும் கிரீஸ் டப்பாக்களையும் அந்தக் குழந்தை மிரண்டு போய்ப் பார்த்தது. ஆடலக்காவின் கணவர் விழுந்து விழுந்து சிரித்ததில் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. பிறகு இரண்டு நாள் நொண்டினார்.

பெயர் வந்த கதை வேறு. அது மோட்டார் சைக்கிள் சக்கரங்களுக்கான கடை. எங்காவது இடித்துக்கொண்டவர்கள், பழைய சக்கரம் வாங்கியவர்கள், புதுசு வாங்கியும் மனசு கேட்காதவர்கள் எல்லோரும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு அங்கே வருவார்கள். அக்கா அதை ஸ்டாண்டில் மாட்டிச் சுழலவிடுவார். கோணல் இருந்தால் "ஆடுது" என்பார். இல்லையென்றால் "ஆடல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. "ஆடல" என்று கேட்டவர்கள் சந்தோஷமாகப் போய், ஆடல அக்கா சொல்லியாயிற்று என்று நாலு பேரிடம் சொன்னார்கள். அது நாளடைவில் ஆடலக்காவாகிவிட்டது.

அவருடைய கருவி வலது கை ஆள்காட்டி விரலின் நகம். மணிக்கட்டை ஸ்டாண்டின் கம்பியில் சாய்த்துக்கொண்டு, நகத்தை ரிம்மின் விளிம்புக்கு ஒரு தலைமுடி இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்துவார். இடது கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். விளிம்பு நேராக இருந்தால் சத்தமே இருக்காது. எங்காவது கோணியிருந்தால் அந்த இடம் வரும்போது நகத்தில் உரசும். டிக். ஒரு சுற்றுக்கு ஒரு டிக், எப்போதும் அதே இடத்தில். சக்கரம் நின்றதும் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கணவரிடம் நீட்டுவார்.

இதையே அளக்க டயல் கேஜ் என்ற கருவி இருக்கிறது. வட்டமான முகத்தில் நூறு கோடும் ஒரு முள்ளும் இருக்கும். ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கடையிலும் ஒன்று மரப்பெட்டியில் கிடந்தது. சந்தேகப் பிராணிகள் வந்தால் கணவர் அதை எடுத்துக் காட்டுவார். முள் ஒருநாளும் அக்காவின் நகத்தை எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்தது மகள் வயிற்றில் இருந்தபோது. நிற்க முடியாமல் கால் வீங்கிப்போனது, சும்மா உட்காரவும் தெரியாது. ஸ்டாண்டின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கணவர் வேலை செய்வதைப் பார்த்தவர், மூன்றாம் நாள் "அது நேராகல, இன்னும் சத்தம் கேக்குது" என்றார். கணவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அளந்து பார்த்தபோது அக்கா சொன்னதுதான் சரி. அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்.

வாய் கொஞ்சம் காரம். வண்டி நடுங்குகிறது என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம், "சக்கரம் ஆடல. நீங்கதான் பயத்துல கைப்பிடிய நெரிக்கிறீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கு அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டு, அது "கொஞ்சம்". கொஞ்சம்தானே ஆடுது, விட்டுடுங்களேன் என்று யாராவது கெஞ்சினால், "கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது. ஆடும், இல்லன்னா ஆடாது. நீங்க என்ன, கொஞ்சம் சாவீங்களா?" என்று கேட்பார். கேட்டவர் அதற்கப்புறம் வாயைத் திறந்தால் ஆச்சரியம்.

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தரும் டீச்சர் ஒருவர், சின்ன மகனைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் போகிறவர், "அக்கா சொன்னா விடை சரி. வழிமுறை எழுத வேண்டியதில்ல" என்பார். அது உண்மைதான். ஆடலக்கா நேராக இருக்கிறது என்று சொன்ன ஒரு சக்கரம்கூடத் திரும்பி வந்ததில்லை. வீடு வாடகைக்குத்தான், நகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

மகள் நில அளவை அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். இரண்டாம் வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிவந்து வாசலில் நிறுத்தினாள். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, "ஹெல்மெட் நல்லதா வாங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் தளத்துக்குப் போய் ஓட்டிவிட்டு வருவாள். அந்த ஞாயிறுகளில் அக்கா வீட்டில் இருக்கும் பாத்திரத்தையெல்லாம் கழுவியதையே கழுவிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அலுவலகம் விட்டு வரும் வழியில், தண்ணீர் தேங்கியிருந்த பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் ரிம்மின் ஓரம் கடித்துவைத்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. பின் ரிம்மில் ஒரு மெல்லிய விரிசல்.

அப்பா விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "வளைஞ்சத நிமித்தலாம். விட்டுப்போனத ஒட்டவைக்கக் கூடாது. ரெண்டும் புதுசாவே போடு."

எந்தச் சக்கரம் போடுவது என்று சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. கம்பெனி போட்டுத் தரும் வார்ப்புச் சக்கரமே போதும் என்று முதலில் சொன்ன அப்பா, படத்தில் ஒரு அகலமான பின்சக்கரத்தைப் பார்த்ததும் கட்சி மாறினார்.

"இது போட்டா வண்டி எவ்வளவு கம்பீரமா இருக்கும் பாரு."

"அப்பா, ரிம் அகலமானா டயரும் அகலமாகணும். வளைவுல வண்டி சாயவே மாட்டேங்கும். நான் ஓட்டறதுக்கு வாங்கறேனா, கல்யாண ஊர்வலத்துக்கா?"

அவள் கேட்டது லேசான சக்கரம். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றாமல், அழுத்தி அடித்துச் செய்தது. அகலம் பழையதேதான். ஆக்சில் பருமன், பிரேக் டிஸ்க் மாட்டும் துளைகள், பின்னால் செயின் பல்சக்கரம் உட்காரும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்து வைத்திருந்தாள். நிலம் அளக்கிறவள் அல்லவா. "வார்ப்பு உடையும்ப்பா. அடிச்சது வளையும், சட்டுனு உடையாது. பள்ளம் இருக்கிற ரோட்டுக்கு அதுதான் நல்லது."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீ என்னம்மா சொல்றே?" என்றாள் மகள்.

"வரட்டும். சுத்திப் பாத்துட்டுச் சொல்றேன்."

சக்கரங்கள் வந்தன. கரும்சாம்பல் நிறம், தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. அக்கா மாட்டினார், சுற்றிவிட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆடுது."

விற்றவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆடலக்கா சொன்னால் சொன்னதுதான். இரண்டு வாரத்தில் வேறொரு ஜோடி அனுப்பிவைத்தார். அதையும் மாட்டிச் சுற்றினார்.

"ஆடுது."

கணவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தெரிந்த இடத்திலிருந்து கம்பெனியின் வார்ப்புச் சக்கரங்களையே கொண்டுவந்தார். அட்டைப்பெட்டி பிரிக்காத புதுசு. அக்கா நெடுநேரம் கேட்டார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"இதுவும் ஆடுது."

மகள் கதவில் சாய்ந்து நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் மரப்பெட்டியை எடுத்து வந்தாள். டயல் கேஜைப் பொருத்தி, நுனியை ரிம்மில் படியவைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பினாள். முள் நாலு கோடு போயிற்று, திரும்பி வந்தது. அவ்வளவுதான். மூலையில் இருந்த இரண்டாவது ஜோடியையும் மாட்டினாள். அது இன்னும் சுத்தம், மூன்று கோடு.

"ஐம்பது கோடு போனாக்கூட ஓட்டலாம். இது மூணு கோடு" என்றாள். "நான் ஓட்டறது உனக்குப் பிடிக்கல. அத நேரா சொல்லியிருக்கலாம்ல? எதுக்கும்மா சக்கரத்து மேல பழி போடறே?"

அக்கா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை ஏப்ரன் பைக்குள் விட்டிருந்தார். தனக்கு முன்னால் ஒரு கதவு திறந்து கிடப்பது அவருக்குத் தெரிந்தது. அதில் நுழைந்துவிட்டால் போதும், கையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஆமா" என்றார். "எனக்குப் பிடிக்கல. பயமா இருக்கு. அதான் அப்படிச் சொன்னேன்."

மகள் விருட்டென்று வெளியே போனாள். கணவர் போகவில்லை. ஸ்டாண்டிலிருந்து சக்கரத்தைக் கழற்றித் துணியால் துடைத்து வைத்துவிட்டு, "இத்தன வருஷத்துல ஒரு சக்கரத்தப் பத்தி நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வருத்தமாகச் சொன்னார்.

அக்காவுக்கு வலித்தது. ஆனாலும் பொய்க்காரி என்ற பெயர் பரவாயில்லை என்று தோன்றியது. பெற்ற மனம் பித்து என்று நாலு நாளில் மன்னித்துவிடுவார்கள். கை போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் தனக்கு என்ன வேலை?

மழை தொடங்கிய மாதத்திலேயே அவருக்குத் தெரியும். தெரியும் என்று ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது கட்டைவிரல் தானாக எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். காபித் தம்ளரை வாங்கினால் ஸ்பூன் கிணுகிணுக்கும். தம்ளரை இடது கையால் வாங்கப் பழகிக்கொண்டார். ஸ்டாண்டில் எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் லேசாக ஒரு டிக் டிக் கேட்கத் தொடங்கியபோது, ஸ்டாண்டுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிப் பேரிங்கை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகும் கேட்டது. இப்போதெல்லாம் ரிம் ஒழுங்காகச் செய்வதில்லை என்று கம்பெனிக்காரர்களைத் திட்டினார். கடைசியில் கழிக்க ஆரம்பித்தார். இத்தனை சத்தம் எப்போதும் இருப்பதுதான், அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேட்டால் போதும் என்று. அவர் வாயில் வராத அந்தச் சொல் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடை மூடியிருந்தது. பின்வாசல் முற்றத்தில் மகள் தன் வண்டிக்கு இரண்டாவது ஜோடியை மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அம்மாவிடம் பேசவில்லை. அக்கா தனியாக உள்ளே வந்து ஷட்டரைப் பாதி தூக்கி, வெளிச்சம் வரவிட்டு, மிச்சமிருந்த வார்ப்புச் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டினார். முள் நாலு கோடு என்று சொன்ன சக்கரம். நகத்தை வைத்துச் சுற்றினார். டிக் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். ஒன்று வால்வுக்குப் பக்கத்தில். ஒன்று எதிர்ப்பக்கம். அடுத்தது நடுவில். பத்துச் சுற்றில் ரிம் முழுக்கக் கோடாகிவிட்டது.

கோணிய சக்கரம் ஒரே இடத்தில்தான் உரசும். இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.

மணிக்கட்டு கம்பியில் சாய்ந்தபடியே இருந்தது. இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். சக்கரம் நின்றுவிட்டது. நகத்தில் சத்தம் நிற்கவில்லை. டிக், டிக், டிக் என்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் அழுதார். ஆனால் கைக்காக மட்டும் அழவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று விளங்கிவிட்டது. மற்றவர்களின் சக்கரங்களுக்கெல்லாம் சத்தத்தைக் கழித்துக்கொண்டு "ஆடல" என்று சொன்னவர், மகளின் சக்கரத்துக்கு மட்டும் ஒரு டிக்கைக்கூடக் கழிக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு அளவு, தன் பிள்ளைக்கு ஒரு அளவு. கழித்ததில் எது தன் கை, எது சக்கரம் என்று யார் கண்டது?

கணக்கு டீச்சரின் ஞாபகம் வந்தது. மழை நாளில் நடைபாதைக் கல்லில் இடித்துவிட்டு முன்சக்கரத்தைக் கொண்டுவந்தார். அன்றைக்குச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கையும் வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. எல்லாம் கைதான் என்று முடிவு செய்து "ஆடல" என்று சொல்லி அனுப்பினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். மகள் பின்சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கணவர் வண்டிக்கு அடியில் வெளிச்சம் விழ விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் சக்கரத்தப் பத்தி நான் பொய் சொல்லலடீ. எனக்கு நெஜமாவே சத்தம் கேட்டுது. பிடிக்காமத்தான் அப்படிச் சொன்னேன்னு சொன்னேன் பாரு, அதுதான் பொய்." ஒரு நிமிஷம் யோசித்தார். "பயம்னு சொன்னது பொய் இல்ல. அது நெறைய இருக்கு."

பிறகு ஏப்ரன் பையிலிருந்து வலது கையை எடுத்து அவர்கள் முன்னால் நீட்டினார். அது தானாக அசைந்துகொண்டிருந்தது. கணவர் விளக்கைக் கீழே வைத்தார். மகள் ஸ்பேனரை விட்டுவிட்டு எழுந்து வந்து அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அத அப்புறம் பாத்துக்கலாம். மழை ஆரம்பிச்சதுலேருந்து நான் பாத்த சக்கரம் எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். ஏங்க, யார் யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல? வண்டிய எடுக்காதீங்கன்னு எல்லாருக்கும் போன் பண்ணுங்க. டீச்சருக்கு மொதல்ல பண்ணுங்க. என்ன ஏதுன்னு கேட்டா உண்மையச் சொல்லுங்க, மழுப்பாதீங்க."

டீச்சர் வீட்டுக்கு மகளின் வண்டியிலேயே போனார்கள். அந்த வண்டி வந்து ஒரு வருஷமாகியும் அக்கா அதில் ஏறியதில்லை. பின்சீட்டு கையகலம், அதுவும் மாடி உயரத்தில். கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்துகொண்டு, டயல் கேஜ் பெட்டியை இருவருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மகள் மெதுவாக ஓட்டினாள். இடுப்பைச் சுற்றியிருந்த அம்மாவின் வலது கை கெட்டியான ஜாக்கெட்டையும் தாண்டி நடுங்குவது வழிநெடுக அவளுக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

டீச்சர் வாசலில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். மகன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தான். அவனை இறக்கிவிட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மகள் கேஜைப் பொருத்தினாள். சக்கரத்தைத் திருப்பினாள். முள் ஒரு முழு வட்டம் போயிற்று. நிற்காமல் இன்னொரு வட்டமும் போயிற்று. இருநூறு கோட்டைத் தாண்டித்தான் திரும்பியது.

டீச்சருக்கு முள் புரிந்ததோ இல்லையோ, மகளின் முகம் புரிந்துவிட்டது. "கைப்பிடி அதிர்றது எனக்கும் தெரிஞ்சுதுக்கா" என்றார் மெதுவாக. "நீங்கதான் ஆடலன்னு சொல்லிட்டீங்களே, அப்ப எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது. மூன்று மாதமாக இந்தச் சக்கரத்தில் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்த அந்தப் பிள்ளை, முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி திருப்பச் சொல்லி மகளைக் கெஞ்சினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊர்ல எல்லாருக்கும் இதச் சொல்லிச் சிரிச்சேன்" என்றார் அக்கா. "நான் அவளவிட மோசம் டீச்சர். கூடம் கோணலா இருந்தப்ப நேரா இருக்குன்னு சொல்லிட்டேன். என் கை அன்னைக்கே சரியில்ல. தெரிஞ்சும் மறைச்சேன். சக்கரத்த நாங்க மாத்தித் தரோம், அது பெருசில்ல. உங்ககிட்ட சொன்ன சொல்ல நான் திருப்பி எடுத்துக்கணும்."

வெளியே எடுத்த கை அவர் பக்கத்தில் தொங்கியபடி அசைந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். வயசில் சின்னவர், இரக்க சுபாவம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"கொஞ்சம்தானே அக்கா நடுங்குது? சரியாயிடும்."

"கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது டீச்சர்" என்றார் ஆடலக்கா. "ஆடுது."

மகள் வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.